கரியாலூரில் ஆறிப்போன கஞ்சி

அன்று காலை கரியாலூர் வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். ஜெப வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுக்க டென்மார்க்கிலிருந்து வந்த நான்கு பேர், அவர்களுக்கு மொழிபெயர்க்கும் தாவீது, ஜீப் ஓட்டும் செல்வம், சமையலுக்கு நான். டிபன் முடிந்ததும் ஐந்து பேர் ஜீப்பில் ஏறி உள்மலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள்தான் திரும்புவார்கள். மீதி நாங்கள் இரண்டு பேர்.

இன்னொருவர் அந்த நான்கு பேரில் ஒருவரான கேரன் அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முந்தின நாள் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. ஜீப்பில் ஏறும்போது தாவீது என்னிடம் சொன்னான்: "அக்கா, வலி மாத்திர வெறும் வயித்துல போடக் கூடாதுங்க. சாப்ட்டப்புறம்தான். நீங்கதான் பாத்துக்கணும்."

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'ஓகே', 'தேங்க்ஸ்' இரண்டும்தான். ஜீப் சத்தம் அடங்கியதும் அடுப்பைப் பற்ற வைத்தேன். குடிக்கிற தண்ணீரை ஏற்கெனவே காய்ச்சியிருந்தேன், மறுபடியும் காய்ச்சினேன். வெளிநாட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

மதியம் மிளகு குறைத்து ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வதக்கி, தட்டு போட்டேன். பரிமாறிவிட்டுக் கதவோரம் நின்றேன். சங்கராபுரத்தில் ஒரு பெரிய வீட்டில் பதினாலு வருஷம் சமைத்தவள் நான். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கை கழுவும் வரை நிற்க வேண்டும், அதுவரை ஒரு பருக்கை வாயில் போகக் கூடாது. எனக்குத் தெரிந்த சமையல் வேலை அதுதான்.

கேரன் அம்மா சாப்பிடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். தூசி என்கிறார் என்று முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் காட்டினார். சரி, வீங்கின காலுக்குத்தான் கேட்கிறார் என்று நாற்காலியை இழுத்து, தலையணை போட்டு, அவர் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். சிரித்தார். 'தேங்க்ஸ்' என்றார். சாப்பாட்டைத் தொடவில்லை.

காரம்தான் காரணம் என்று தட்டை எடுத்துவிட்டுக் கஞ்சி வைத்தேன். அதையும் தொடவில்லை. ரோட்டோரக் கடைக்கு ஓடி பன் வாங்கி வந்தேன். அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். பாதி போதும் என்கிறார் என்று வாங்கிக் கிண்ணத்தில் மூடி வைத்தேன். அவர் கையிலிருந்த பாதியையும் தட்டிலேயே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் வலி தாங்காமல் அவரே மாத்திரையை விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வந்ததெல்லாம் வெறும் தண்ணீர். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

கடை வாசலில்தான் கொஞ்சம் டவர் கிடைக்கும். தாவீதுக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. செல்வத்துக்குப் போட்டாலும் அதே. கடைக்காரர் சொன்னார்: "வண்டி சொல்லி இப்ப எறங்கினாலும் கள்ளக்குறிச்சி போய்ச் சேர ராத்திரி ஆயிடும்மா. மொதல்ல வயித்துக்கு இன்னாச்சும் குடு." அதைத்தானே மதியத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபடி திரும்பி நடந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது கண் இருட்டியது. காலையில் குடித்த டீயோடு சரி, நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு கேரன் அம்மா வந்தார். எழுந்திருக்கப் போனேன், தோளை அழுத்தி உட்கார வைத்தார். வீங்கின காலை நீட்டி என் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார். இரண்டு தட்டு எடுத்து, ஆறிப்போன கஞ்சியை இரண்டிலும் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். காத்திருந்தார். நான் முதல் வாய் விழுங்கினேன். பிறகுதான் அவர் ஸ்பூனை எடுத்தார்.

இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். கஞ்சி உள்ளேயே தங்கியது. வெளுத்த முகம் தெளிந்தது. குடித்துக்கொண்டே அவர் பாஷையில் என்னென்னவோ சொன்னார். நானும் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததையும், மகன் திருப்பூரிலிருந்து எப்போதாவது போன் செய்வதையும் சொன்னேன். அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன், நான் சொன்னதற்கு அவர் தலையாட்டினார். அத்தனை நேரம் என் கதையை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் தாவீது வந்து கேரன் அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒக்கார நாற்காலி குடுத்தா காலத் தூக்கி வச்சிட்டீங்களாமே! அவங்க ஊர்ல சமைச்சவங்க ஒக்காராம யாரும் கை வைக்க மாட்டாங்களாம்க்கா."

"மொத நாளும் நேத்து காலையிலயும் எல்லாரும் சாப்ட்டாங்களே, தம்பி?"

"அப்பல்லாம் நான்தானே பரிமாறினேன். நீங்க அடுப்படிய விட்டு வெளிய வரல. உள்ள சாப்ட்டுக்கினு இருக்கீங்கன்னு நெனச்சிருப்பாங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நேத்து நீங்க ஒக்காரவே இல்லன்னதும், தன்கூட சாப்பிட உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சிட்டாங்களாம்."

அவர்கள் ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சமையல் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரைக் காய்ச்சுங்கள், காரத்தைக் குறையுங்கள், சாப்பிடுகிறவர் தனியாக இருந்தால் உங்கள் தட்டையும் கொண்டுபோய் எதிரில் உட்காருங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் நானும் இப்போது அப்படித்தான்.

என் வீட்டில் மட்டும் இன்னும் அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன்.