தரையில் வைக்கக் கூடாத சாமி

தனுஷ்கோடியில் சிலோனுக்குக் கப்பலேறியவர்கள் நாங்கள் நால்வர்: அப்பா, அப்பாவின் அக்காவாகிய என் அத்தை, நான், எங்கள் குலசாமி கருப்பு. கருப்பு ஒரு மஞ்சள் துணி மூட்டைக்குள் ஒரு பிடி மண்ணாக இருந்தார். அதனால் அவருக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

வராதவர்களையும் சொல்லிவிட வேண்டும். அம்மா வரவில்லை. தேயிலைக் கொழுந்து தழைத்துக் கிடக்கும் மாதத்தில் வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்து ஏட்டில் பேரை வெட்டிவிடுவார்கள். கருப்பைக் கொண்டுவரும் யோசனையை முதலில் சொன்ன சித்தப்பாவும் வரவில்லை. புறப்படும் அன்று காலையில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாங்கள் பஸ் ஏறியதும் விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மேற்கணக்குக் கங்காணியும் வரவில்லை. ஆனால் பயணம் முழுவதும் எங்கள் பேச்சில் அதிகம் இருந்தவர் அவர்தான்.

எங்கள் தோட்டம் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. மேற்கணக்கில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் இருந்தது. கீழ்க்கணக்கில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மஞ்சள் பூசிய ஒரு கல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு பங்குனித் திருவிழாவிலும் தலையில் பரிவட்டம் கட்டும் முதல் மரியாதை மேற்கணக்குக் கங்காணிக்கே போனது. அப்பாவும் கங்காணிதான்; ஆனால் பத்துப் பதினைந்து ஆட்களை வைத்திருக்கும் சில்லறைக் கங்காணி. முந்தின வருஷத் திருவிழாவில் அவர் பரிவட்டத்தைப் பற்றி வாய் திறந்தபோது மேற்கணக்குக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கீக்கணக்குக்காரங்களுக்கு ஒரு கல்லு இருக்கு. கல்லுக்கு எதுக்குய்யா பரிவட்டம்?"

அப்பா அங்கேயே வாக்குக் கொடுத்தார்: "அடுத்த பங்குனிக்குள்ள ஊர்லருந்து எங்க கருப்பக் கொண்டாந்து நிறுத்துறேன். இல்லாட்டி இந்தப் பேச்சு எங்க கணக்குல யார் வாயிலயும் வராது."

அந்த வாக்குக்காகத்தான் நாங்கள் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். ஊர் என்று அப்பா அதைத்தான் சொல்வார். அவர் அதற்கு முன் அங்கே போனதில்லை. ஊர்க்காரர்கள் எங்களைச் 'சிலோன்காரங்க' என்று அழைத்தார்கள். நாங்கள் பிறந்த சிலோனில் எங்களை 'இந்தியாக்காரங்க' என்று அழைப்பார்கள். ஆகவே எங்கே போனாலும் எங்களுக்கு வெளியூர் மரியாதை கிடைத்தது.

ஊர்ப் பூசாரி ஒரு சேவலையும் காணிக்கையையும் வாங்கிக்கொண்டு, கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்து கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார். "போற எடத்துல நிறுத்துற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது. எங்க வைக்கிறீங்களோ, அங்கயே ஒக்காந்துருவாரு. அப்பறம் எந்திரிக்க மாட்டாரு."

அப்பா என் பக்கம் திரும்பினார். எங்கள் வம்சத்திலேயே எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவன் நான் ஒருவன்தான். உபாத்தியாயர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உத்தரவுக்காகக் காத்திருந்தேன். தரை என்றால் என்ன என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாக யோசித்து, நிலத்தோடு அசையாமல் நிற்பது தரை, அசைவது தரையல்ல என்று முடிவு சொன்னேன்.

அந்த முடிவின் பலனைத் திருச்சியிலிருந்து ரயிலில் அனுபவித்தோம். ரயில் ஓடும்போது கருப்பு பெஞ்சியில் இருந்தார். ஸ்டேஷனில் நின்றதும், பெஞ்சி தரையாகிவிட்டது என்று அப்பா மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அந்த ரயிலோ மாடு குறுக்கே வந்தாலும் நிற்கிற ரயில். எதிரே இருந்த செட்டியார் ஒருவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஒங்கப்பாருக்கு எதும் நேர்ச்சையா தம்பி?" என்று கேட்டார். நான் என் கொள்கையை விளக்கினேன். அவர் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

தோட்டத்து ஆட்கள் கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் தங்கியாக வேண்டும். அங்கே ஊசி போட்டு, துணிகளை ஆவியில் அவித்து, எங்களிடம் நோய் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே விடுவார்கள். முதல் வகுப்பில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது; அவர்களிடம் நோய் இருக்காது என்பது சர்க்காருக்கு முன்கூட்டியே தெரியும். முகாமில் அப்பாவுக்குக் கை ஓய்ந்துபோனது. மூட்டையை ஒரு வேப்பமரக் கிளையில் தொங்கவிடலாமா என்று கேட்டார்.

"கூடாதுப்பா. மரம் அசையாம நிக்குது. வேரு தரையில இருக்கு. கிளையும் அதோட சேந்ததுதான்" என்றேன்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கப்பன் காலு எங்க மருமகனே இருக்கு? ஆகாசத்துலயா? தரையில நிக்கிறவன் கையில இருக்குறதும் தரைதான அப்ப?"

எஸ்.எஸ்.ஸி. வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து மண்டபம் விடும்வரை கருப்பு வேப்பமரத்தில்தான் தொங்கினார்.

கப்பலில் எனக்கு வேலை இருக்கவில்லை. கப்பல் அசைந்துகொண்டே இருந்தது. அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் கடலில் வாந்தி எடுத்தார்; மறு கையில் மூட்டையை உயர்த்திப் பிடித்திருந்தார். "கருப்புக்கு ஒண்ணும் செய்யலியே?" என்று நடுநடுவே கேட்டார்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு. ஒங் கொடலு வெளிய வந்துராமப் பாத்துக்க தம்பி" என்றார் அத்தை.

தலைமன்னாரில் இறங்கியதும் சுங்கக் கொட்டகையில் வரிசை. மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. அவருக்கு முன்னால் எங்கள் இரண்டு பொருள்கள்: அத்தையின் தகரப் பெட்டி, அப்பாவின் மஞ்சள் மூட்டை.

"இதுக்குள்ள என்ன?"

"சாமிங்க" என்றார் அப்பா.

"என்ன சாமி? சிலையோ?"

அதிகாரியிடம் பேசத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள்? நான் முன்னே போய், இலக்கணம் வழுவாமல், இது எங்கள் பூர்வீகக் கிராமத்து மண் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ஐயாவின் பேனா நின்றது. "மண்ணோ? மண் கொண்டு போகேலாது. தேயிலைக்கு வருத்தம் வரும். சட்டம்."

சில வருஷங்களுக்கு முன் தேயிலை இலையில் கொப்புளம் போடும் நோய் ஒன்று மலைநாட்டுக்கு வந்தது உண்மைதான். அது இந்தியாவிலிருந்து வந்தது என்று துரைமார் சொல்வதுண்டு. தேயிலைச் செடியும் வெளியிலிருந்து வந்ததுதான், துரைமாரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் சட்டம் மண்ணைத்தான் பிடித்தது. ஐயா மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். திரும்ப முடிந்தார். பிறகு, அத்தையின் பெட்டியைத் திறக்க மேசையில் இடம் வேண்டும் என்பதற்காக, மூட்டையை எடுத்துக் கீழே, சிமெந்துத் தரையில், வைத்தார்.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போச்சு. ஒக்காந்துட்டாரு."

எங்களுக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் தோட்டத்து ஆட்கள். கருப்பு தரையில் உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி வரிசையின் கடைசிவரை போனது. ஒருவர் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் தன் மூட்டையிலிருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினார். கொஞ்ச நேரத்தில் சுங்கக் கொட்டகை கோயிலாகிவிட்டது. மேசைக்கு முன்னால் நிற்கவேண்டியவர்கள் மூட்டைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

"எழும்புங்கோ! என்ன இது? எடுத்துக்கொண்டு அங்கால போங்கோ" என்றார் ஐயா.

"நாங்க எப்பிடிங்க எடுக்குறது? வச்சது நீங்க. அவரு உத்தரவு குடுக்காம அசைய மாட்டாருங்க" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு வருஷத்து வாக்கு அந்தச் சிமெந்தில் கிடந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

அப்போதுதான் அத்தைக்கு அருள் வந்தது. கூந்தலை அவிழ்த்துவிட்டு, தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, வேறொரு குரலில் கேட்டார்: "எவன்டா என்னயக் கீழ வச்சவன்?"

வரிசை முழுவதும் ஐயாவைக் காட்டியது. ஐயா எழுந்து நின்றார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. "தெரியாமல் வைச்சிட்டன்" என்றார், தாழ்ந்த குரலில்.

"எனக்குச் சேவல் வேணும். சுருட்டு வேணும். என்னயச் சோதிக்கக் கூடாது. என் பொட்டியத் தொறக்கக் கூடாது."

கருப்புக்கு ஏது பெட்டி என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்க வாயெடுத்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

சுருட்டு உடனே கிடைத்தது. ஐயாவின் மேசை இழுப்பறையிலேயே நல்ல யாழ்ப்பாணச் சுருட்டுகள் இருந்தன. அத்தை ஒன்றைப் பற்றவைத்து, நிதானமாக, கடைசிவரை குடித்தார். சேவலுக்குத்தான் சிரமம். கொட்டகைச் சிப்பந்தி என்னை மீன்வாடிக் குடிசைகள் பக்கம் அழைத்துப் போனான். அங்கே சிலுவை போட்ட ஓர் அம்மா சேவலுக்கு ஒரு விலை சொன்னார். எதற்கு என்று விசாரித்தார். கருப்புக்கு என்றேன்.

"வேற சாமிக்கெண்டா ரெண்டு ரூவா கூட" என்றார் அவர். "எங்கட பங்குச் சாமியார் கேட்டா நான் பதில் சொல்ல வேணுமே."

சேவல் வந்தது, கொட்டகைக்கு வெளியே மணலில் காரியம் முடிந்தது, அத்தை மேல் வந்த கருப்பு உத்தரவு கொடுத்து மலையேறினார். அப்பா மூட்டையைத் தூக்கினார். அது லேசாக வந்தது என்று பலரும் சாட்சி சொன்னார்கள். ஒரு பிடி மண் வேறெப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

மீதி இருந்தது சட்டம் ஒன்றுதான். ஐயா பேனாவை எடுத்து, 'திருநீறு' என்று எழுதினார்.

"ஆனால் ஐயா, அது மண்தான்" என்றேன் இங்கிலீஷில்.

அவர் பேனாவை மூடினார். "தம்பி, நீர் கெட்டிக்காரன். கொஞ்சம் அங்கால போய் நில்லும்."

ரயில் போய்விட்டிருந்தது. மறுநாள் ரயிலில்தான் புறப்பட்டோம். அத்தையின் பெட்டியில் சின்னாளப்பட்டிச் சேலைகள் இருந்த விஷயம் மதவாச்சி தாண்டிய பிறகு எனக்குத் தெரிந்தது. எத்தனை என்று சொல்ல மறுத்துவிட்டார். "அது கருப்புக்கும் எனக்கும் உள்ளது மருமகனே" என்றார்.

அட்டனில் இறங்கி நல்லதண்ணி பஸ்ஸில் ஏறினோம். யாத்திரைச் சீசன் காலம், மலையுச்சியில் பாதம் கும்பிடப் போகும் சிங்கள யாத்திரிகர்களால் பஸ் நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டிருந்த அப்பாவை ஒரு வெள்ளைச் சேலை அம்மா பார்த்தார். "தெய்யோத?" என்று, சாமியா என்பதைச் சிங்களத்தில் கேட்டார். அப்பா தலையாட்டினார். அந்த அம்மா மடியை விரித்துக் கையை நீட்டினார். நாங்கள் இறங்கும் இடம் வரும்வரை கருப்பு அந்த மடியில்தான் வந்தார். சட்டப்படி மண், எழுத்துப்படி திருநீறு. அந்த ஒருவர்தான் எதையும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

இறங்கிய இடத்தில் மேற்கணக்குக் கங்காணி குடையோடு நின்றார். எங்களுக்கு முன்னால் சுங்கம் முடித்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு முந்தின ரயிலைப் பிடித்திருந்தார்கள்; செய்தி அவர்களோடு வந்திருந்தது.

"வாங்க, வாங்க. தலமன்னார்ல தரையத் தொட்டாராமே?" என்றார். "அப்ப சாமி அங்கயே இருக்கு. இது வெறும் மண்ணு. பரிவட்டம் வேணும்னா தலமன்னார்ல போய்க் கட்டிக்குங்க."

எங்களை வரவேற்க வந்த கீழ்க்கணக்கு ஆட்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவும் அவர்களோடு நின்றார். அப்பா மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"தொட்டாரு. இல்லேன்னு சொல்லல. சிலோன் மண்ணத் தொட்ட ஒடனே இங்கயே இருக்கேன்னு ஒக்காந்துட்டாரு. ஒரு நிமிசம் ஆகல, சிலோன் சாமியா ஆயிட்டாரு. எங்கப்பாரு இந்த மண்ணுல பொறந்து, இந்தத் தேயிலைக்கு அடியிலயே கெடக்குறாரு. அவருக்குக் கெடச்சிச்சா? எனக்குக் கெடச்சிச்சா? ஒங்களுக்குத்தான் கெடச்சிச்சா?"

சிலோனிலேயே பிறந்தாலும் தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டிய காலம் அது. மேற்கணக்குக் கங்காணி ஆபீஸ் படிக்கட்டு ஏறி இறங்கிக் கொடுத்த மனு, போதிய ஆதாரம் இல்லை என்று அந்த மாதம்தான் திரும்பி வந்திருந்தது. அவர் குடையை மடக்கினார். முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. முதலில் மீசை ஆடியது, பிறகு தொந்தி. "சாமிக்குக் கூடப் பிரசாவுரிம குடுத்துட்டான்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் மரியாதையைச் சும்மா விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். சாமி தரை தொட்ட தோஷத்துக்குப் பரிகாரமாக இரண்டு கணக்குக்கும் கிடா வெட்டிச் சோறு போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டார். பங்குனியில் கருப்பை எங்கள் லயத்துக்குப் பின்னால் நிறுத்தினோம். அப்பா தலையில் பரிவட்டம் ஏறியது. அன்று வேலைக்குப் போகாத அம்மாவுக்குப் பேர் போடவில்லை; நாள் கூலி போனது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. மேற்கணக்குக் கங்காணி மூன்று தரம் சோறு வாங்கினார். சித்தப்பாவின் இடுப்பும் பந்தியில் நன்றாகவே வளைந்தது.

கப்பல், ரயில், இரண்டு சேவல், அதில் ஒன்றுக்கு மதம் மாறிய கூலி, கிடா, அரிசி, கருப்புக்கும் மற்றவர்களுக்கும் சாராயம் எல்லாவற்றையும் அப்பா சொல்லச் சொல்ல நான் கூட்டினேன். அத்தை தன் சேலைகளை லயம் லயமாக விற்று எடுத்த லாபத்தைக் கணக்கில் கழிக்க மறுத்துவிட்டார். அதைக் கழிக்காமல், ஒரு பிடி மண்ணுக்கு ஆன செலவு நானூற்றுப் பதினேழு ரூபா அறுபது சதம்.