பத்து சென்டிமீட்டர் கோடு

"கோட்டுக்குள்ள போடுங்க. வெளிய போனா செல்லாது."

பேனாவை நீட்டும்போதே எச்சரிக்கையும் வந்துவிடும். மனநல ஆலோசனை மையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் இவருக்கு, காத்திருக்கும் நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாள் தருவார். அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. போன வாரம் எப்படிப் போனது? மோசமென்றால் இடது ஓரம், நன்றென்றால் வலது ஓரம், இடையில் எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைக்கலாம். வெளியே வந்ததும் இன்னொரு கோடு: இன்றைய பேச்சு உதவியதா? அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்து, அவரவர் கிராஃப் தாளில் ஏற்றுவார்.

"சுமாரா அஞ்சுன்னு வச்சுக்கங்களேன்" என்றேன் ஒருமுறை.

"உங்க மனசு சுமாரா இருக்கலாம், என் ஸ்கேல் சுமாரா இருக்காது. நாலு புள்ளி மூணு."

என் பக்கத்து நாற்காலி ஒரு பஸ் ஓட்டுநருக்கு. விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கும். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் இனி பஸ்ஸே கிடையாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். மகா மரியாதைக்காரர். அதுதான் வினை. 'பேச்சு உதவியதா' கோட்டில் வாராவாரம் முழுசாகப் பத்து வைப்பார். டாக்டருக்கும் உச்சி குளிர்ந்திருந்தது. ஆனால் அவருடைய வாரக்கோடு ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போனது.

ஐந்தாவது வாரம் அது இரண்டரை. அக்கா தாள்களோடு எழுந்தார். "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளே நடந்ததை ஓட்டுநரே எங்களிடம் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"டாக்டர், உங்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டுட்டு, மனுஷன் தான் ஃபெயில் ஆகிட்டிருக்காரு. பாருங்க."

டாக்டர் முகம் சுருங்கியது. என்றாலும் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "நான் செய்யறதுல எது உதவல? தைரியமா சொல்லுங்க."

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் சார்... மூச்சை இழுத்து விடச் சொன்னீங்க, விட்டேன். வீட்டுல உக்காந்து மூச்சு விட்டா பஸ் ஓடுமா?"

அன்று உதவிக்கோட்டில் ஆறுதான் வைத்தார். "இப்பதான் நிஜம் பேசறீங்க!" என்று அக்கா அந்த ஆறைக் கூடத்துக்கே காட்டினார். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து டாக்டரே டிப்போவுக்குப் போனார். நிற்கிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருநாள் சாவியைத் திருப்பியதோடு சரி. பிறகு டிப்போவுக்குள்ளேயே ஒரு சுற்று. வாரக்கோடு நாலானது, ஆறானது, எட்டைத் தாண்டியது.

இன்று ஓட்டுநர் காக்கிச் சட்டையில் வந்தார். திங்கட்கிழமையிலிருந்து பழைய வழித்தடம், அதே பஸ். பேனாவை வாங்கியவர் கோடு முடிந்த இடத்தையும் கடந்து, இரண்டு விரல் தள்ளிப் புள்ளி வைத்தார். கூடமே அக்காவைப் பார்த்தது.

அக்கா அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, புதிய கிராஃப் தாளில் ஒரு துண்டு வெட்டி, அவருடைய பழைய கிராஃப் தாளின் தலையில் வைத்து டேப் போட்டு ஒட்டினார்.