வாசலில் கேட்ட கேள்வி

பல் டாக்டரின் சம்சாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி. அந்தத் தங்கையின் ஓரகத்தி இவளுக்குப் பெரியம்மா. அந்த வழியில்தான் டாக்டரின் ஆஸ்பத்திரியில் இவளுக்கு வரவேற்பு மேஜை வேலை கிடைத்தது. கல்யாணமான புதிதில் உட்கார்ந்தவள். இப்போது மகள் நர்சிங் கடைசி வருஷம்.

டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், ஆஸ்பத்திரிகளை வாங்கிப் போடும் முதலீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டுப் போனார். சோபா வந்தது, ஏசி வந்தது. டாக்டர்கள்தான் நிற்கவில்லை. சொத்தையை அடைக்க வந்த நோயாளிகள் வேர் சிகிச்சையும் செய்துகொண்டு, பல்லுக்கு மேல் கேப்பும் போட்டுக்கொண்டு போனார்கள்.

கம்பெனி வாங்கினதால் வைத்தியம் கெட்டுப்போச்சா என்று ஊர் பேசியது. அதற்கு ஓர் ஆராய்ச்சி. செலவு அதே கம்பெனியுடையது. வைத்தியம் எப்படி என்று நோயாளிகள் தொட்டுச் சொல்ல, ஆராய்ச்சிக்கார அம்மா சிரித்த முகமும் சுளித்த முகமும் போட்ட தொடுதிரையைச் சக்கர மேஜையில் கொண்டுவந்தார். மேனேஜர் அதை வாசலிலேயே வைத்தார். நுழைகிறவர்கள் சோபாவைப் பார்த்தார்கள், சிரித்த முகத்தைத் தொட்டார்கள்.

நாத்தனார் வீங்கின கன்னத்தோடு வந்தாள். பல் வலித்தாலும் வாய் ஓயாது.

"ஏன் அண்ணி, சோறு போடறதுக்கு முன்னாடியே ருசி எப்படின்னு கேக்கறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

"வெக்கச் சொன்ன இடத்துல வெச்சிருக்கு."

"சக்கரம் வெச்ச மேஜைதானே? தள்ளினா அழுவுமா?"

மறுநாள் காலை, நோயாளிகள் பணம் கட்டிவிட்டு வெளியே போகிற வழிக்கு இவள் அந்த மேஜையைத் தள்ளினாள். சுளித்த முகத்துக்கு ஓய்வே இல்லை. ஒரு பெரியவர் விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவை போதும்ங்க."

"வலி ஒரு தடவையா வந்துச்சு?"

இரண்டு நாள் கழித்து மேனேஜரும் ஆராய்ச்சிக்கார அம்மாவும் வந்தார்கள்.

"யார் நகர்த்தினது?" என்றார் மேனேஜர்.

மகளின் கடைசி வருஷம் கண் முன்னால் வந்து நின்றது. பெருக்குகிறவர் தலையில் போட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் சார். போறப்ப கேக்கறதுதானே சரின்னு பட்டுச்சு."

அவர் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். ஆராய்ச்சிக்கார அம்மா குரலைத் தாழ்த்தினார். "சரியான இடம் இதுதாம்மா. நானும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். பணம் குடுக்கறவங்க மாத்திட்டாங்க." சொல்லிக்கொண்டே மேஜையை வாசலுக்குத் தள்ளினார்.

நோயாளிகளுக்குப் பரம திருப்தி என்று ஆராய்ச்சி வெளிவந்தது. அந்த இரண்டு நாள் பதில்களை, மேஜை இடம் மாறியிருந்தது என்று கழித்துவிட்டார்கள். வேலை போகவில்லை. சம்பளத்தைக் குறைத்து, போனில் நோயாளிகளுக்கு நேரம் கொடுக்கும் அறைக்கு இவளை மாற்றினார்கள். மகள் படிப்பை எப்படியோ முடித்தாள்.

ஒருநாள் நாத்தனார் கூப்பிட்டாள். "வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு பாத்தேன் அண்ணி. அதையும் அவங்களே வாங்கிட்டாங்களாம். நேரம் குடுங்க."

"வியாழக்கிழமை வா. வர்றப்ப அந்த முகத்தைத் தொடாத. போறப்ப எப்படி இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போ."