கூடத்துக்கு ஏர்கான் வேண்டாம் என்றவள்

எங்கள் வீட்டில் பெரிய சண்டை என்று வந்தால் அது ஏர்கானைப் பற்றித்தான் இருக்கும். சிங்கப்பூரில், எங்கள் கிளமெண்டி வீட்டின் கூடத்தில் ஒன்று மாட்டிவிடலாம் என்று நான் சொல்வேன். கூடவே கூடாது என்பாள் என் மனைவி. காரணம், அலமாரி மேல் அவள் வைத்திருந்த கடிகாரம்.

அவள் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் மேலாளர் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் பித்தளை. அடியில் ஒரு வட்டத் தட்டு, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். சாவி கிடையாது, பேட்டரியும் கிடையாது. உள்ளே ஒரு டப்பியில் வாயுவை அடைத்திருக்கிறார்கள். காற்று சூடானால் அது உப்பும், குளிர்ந்தால் சுருங்கும். அதில் கடிகாரம் தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும். மத்தியான வெயிலும் சாயங்கால மழையும்தான் அதற்குச் சாப்பாடு.

"எந்நேரமும் ஏர்கான் ஓடினா ராத்திரி பகல் எல்லாம் ஒரே குளிரு. இது நின்னு போயிடுங்க" என்பாள்.

"மனுஷன் இங்க வேர்த்து ஊத்துறேன், உனக்குக் கடிகாரம் பெரிசாப் போச்சா?" என்பேன்.

படுக்கையறையோடு ஏர்கான் நின்றுவிட்டது. நான் கைலியைக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல் கூடத்தில் உட்கார்ந்து விசிறியைத் திட்டிக்கொண்டிருப்பேன். எந்தச் சண்டையிலும் தோற்றதாக நான் ஒப்புக்கொண்டது கிடையாது. அவள் சொன்னபடியே ஏதாவது நடந்துவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்து, "நான் சொன்னேன்ல?" என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்ததும் மகள் அவள் படத்தைப் பெரிதாக்கி, கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். படத்தின் முன்னால் ஒரு காமாட்சி விளக்கு. தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வருவதும், சாயங்காலம் நல்லெண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவதும் என் வேலை. அதே மாதத்தில் கூடத்துக்கு ஏர்கானும் வந்தது.

"இனிமே யார்ப்பா வேணாம்னு சொல்லப் போறா?" என்றாள் மகள்.

ஏர்கானைப் போட்டேன். போட்டவன் அணைக்கவே இல்லை. கடிகாரம் நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மாதங்கள் போயின, தட்டு அதன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் விளக்கேற்றிய பிறகு கடிகாரத்தின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துச் சொல்வேன்: "ஓடுது பாரு. இத்தனை வருஷம் என்னைச் சும்மா வேகவச்சியே!" உள்ளங்கைக்குக் கண்ணாடி இதமாக இருக்கும். அவள் இல்லாத வீட்டில் அவளோடு சண்டை போட ஒரு விஷயமாவது இருந்தது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரத்தைத் தள்ளினேன்.

முதல் வருஷத் திதி முடிந்த அன்று மகள் சுவரில் படிந்த கரியைப் பார்த்தாள். "தனியா இருக்கீங்க, எண்ணெய் விளக்கு ரிஸ்க் லா" என்று சொல்லி, கரன்ட்டில் எரியும் குட்டி விளக்கு ஒன்றை வாங்கி வைத்தாள். சுடர் மாதிரியே பல்பு. புகை கிடையாது, சூடு கிடையாது, எந்நேரமும் எரியும். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

சில வாரத்தில் கடிகாரம் நின்றது. அவளே இன்னொரு தடவை போய்விட்ட மாதிரி இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஜாலான் புசாருக்குப் போனேன். அங்கே கடிகாரம் பழுது பார்க்கும் சீனர், தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும் தன் கடையில் அதைச் சில நாள் வைத்திருந்தார். அருமையாக ஓடியது. ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, தட்டை எப்படித் தள்ளிவிடுவது என்று காட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி நின்றது.

அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் கண்ணாடி மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக அது ஓடியது விளக்கின் சூட்டில். விளக்கு எரிந்தால் சூடு, அணைந்தால் ஏர்கான் குளிர். அது போதுமாக இருந்திருக்கிறது. அவள் படத்துக்கு ஏற்றிய விளக்கில் அவள் கடிகாரம் பிழைத்துக்கொண்டிருக்க, நான் அவளிடமே ஜெயித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏர்கானை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். ரயில் சத்தமும் வெக்கையும் சேர்ந்து உள்ளே வந்தன. கரன்ட் விளக்கை எடுத்து வைத்துவிட்டு, காமாட்சி விளக்கைத் தேய்த்துத் திரி போட்டேன். சில நாள் வேர்த்துக்கொண்டே காத்திருந்து, தட்டை விரலால் மெல்லத் தள்ளிவிட்டேன். திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லிவிட்டுச் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்க மாட்டார்களா என்று.