ஏழாவது ஆள்

எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணி கோயமுத்தூரில் ஆடிய ஓர் ஆட்டம் மூன்று பேரோடு முடிந்தது. இதைச் சொன்னால் இப்போது ஆடுகிற பிள்ளைகள் நம்புவதில்லை. ஆறு பேர் போயிருந்தோம். ஒருத்தி ஐந்து முறை ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். முதலில் ஒருத்தி போனாள். வெளியே உட்கார்ந்திருந்தவள் உள்ளே வந்தாள். அடுத்தவள் போனபோது உள்ளே வர ஆள் இல்லை. அதற்கடுத்தவளும் போனாள். கடைசியில் நானும் என் சிநேகிதியும் இன்னொருத்தியும்தான் நின்றோம். எதிர்ப்பக்கம் ஐந்து பேர். அணியில் நான்தான் உயரம் என்பதால் என்னை முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி என்று கைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கை. கடைசி விசில் ஊதியபோது தோற்றது உறைக்கவில்லை. அப்பாடா, விட்டார்கள் என்றுதான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அதிகம் இல்லை. எங்களுடையது மண் தரை, சுண்ணாம்புக் கோடு, இரண்டு மரக் கம்பங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனி. காற்று அடித்தால் பஞ்சு பறந்து வந்து பந்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆடத் தெரிந்தவர்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. நிலைத்து இருப்பவர்கள்தான் இல்லை. ஆவணி வந்தால் ஒருத்திக்குக் கல்யாணம், தை வந்தால் இன்னொருத்திக்கு. திங்கட்கிழமை பயிற்சிக்கு வராதவளை எங்கே என்று கேட்டால், “அவளைப் பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாங்க” என்று பதில் வரும். எங்கள் விளையாட்டு ஆசிரியை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஏளா, பந்து பிடிக்கத் தெரியுமான்னு கேக்கதுக்கு முந்தி கல்யாணம் எப்பன்னுல்லா கேக்க வேண்டியிருக்கு” என்பார். பாதி விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் கேட்கவும் செய்வார்.

அப்போது பள்ளியின் கடைசி வகுப்பு பதினொன்று; நான் அதற்கு வந்த வருஷம், பழைய அணியில் ஆறு பேர் மிஞ்சியிருந்தோம். உடுப்பு ஏழு இருந்தது. ஏழாவது ஆளைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை ஆசிரியை என்னிடமும் என் சிநேகிதியிடமும் விட்டார். அவள்தான் கேப்டன். அவள் வீட்டார் தோட்டத்துக்காரர்கள். வாய் சத்தமாக இருக்கும். எதையும் பேசித் தீர்க்காமல் விடமாட்டாள்.

போட்டியில் நின்றது இரண்டு பேர். ஒருத்தி வேலம்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு. குள்ளம். ஆனால் பந்தைக் கையில் வாங்கிவிட்டால் யாராலும் பறிக்க முடியாது. கால்களுக்கு நடுவே எலி மாதிரி நுழைந்து போய்விடுவாள். அவளுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. இன்னொருத்தி நெருப்பெரிச்சல் ஊர்க்காரி, ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட ஒரு பிடி உயரம். பந்து அவள் கையில் நிற்காது. நெஞ்சில் பட்டுக் கீழே விழும். ஆனால் அவளை முழுக்கப் படிக்கவைப்பதாக அவளுடைய அப்பா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு வாரம் முழுக்கப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதே பேச்சு.

“நெட்டைப் புள்ளையை எடு” என்றேன் நான். “நான் வெளிய போயிட்டா ரிங்குக்குக் கீழ நிக்க யாரு இருக்கறா?”

“நின்னு என்ன பண்ணுவா? பந்து மேல வந்தாக் கண்ணை மூடிக்கறா.”

“பழகிக்குவா. ரெண்டு வருசம் இருப்பா. உன்ற குள்ளச்சி தையில போயிருவா.”

“தைக்கு முன்னாலதான் மேட்ச்சு. அதுக்குள்ள ஆடட்டும்.”

“அதுக்கு முன்னாலயே நிச்சயம் பண்ணி ஊட்டுல உக்கார வெச்சுட்டா?”

அவள் நின்றுவிட்டாள். “ஏம் புள்ள, எவ எப்பப் போவான்னு பாத்துப் பாத்து எடுத்தா, ஆடத் தெரியாதவளுகதான் மிச்சம் இருப்பாளுக. அந்த டீமை வெச்சு என்ன பண்றது?”

ஆனாலும் நான் விடவில்லை. அணியில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருத்தியாக எடுத்து, அவள் வீட்டில் என்ன பேச்சு, அக்காவுக்கு ஆகிவிட்டதா, முறை மாப்பிள்ளை உண்டா என்று அலசினோம். இரண்டு பேர் சந்தேகம் என்று முடிவுக்கு வந்தோம். அப்படியானால் ஆடத் தெரிந்தவளே வேண்டும் என்று அவள் சாதித்தாள். குள்ளச்சி வந்தாள். நெட்டைப் பெண்ணிடம் உடுப்பு இல்லாவிட்டாலும் தினமும் பயிற்சிக்கு வரச் சொன்னோம். அவளும் வந்து, வெளியே போகிற பந்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னை நாங்கள் அலசவே இல்லை. இருவருக்கும் அது தோன்றவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு பின்னல் மிஷின்கள் ஓடின. அப்பா பின்னிக் கொடுத்த துணி பனியனாகித் திரும்பி வரும்; அம்மாவும் நானும் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவோம். புரட்டாசியில் ஒரு நாள் பயிற்சி முடிந்து, முழங்காலெல்லாம் புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வெயில்ல ஆடி ஆடிப் புள்ள கறுத்துப் போச்சாட்ட இருக்குது, அண்ணா.”

“இனி ஆடமாட்டா” என்றார் அப்பா.

அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அத்தை மகன் சொந்தமாகப் பனியன் கம்பெனி தொடங்கியிருந்தார். பரீட்சை எழுதிய பிறகு வைகாசியில் கல்யாணம். என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை யாரும் குறையாகவும் நினைக்கவில்லை. நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு, வெட்ட வேண்டிய பனியன்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சிநேகிதியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன்னைக் கணக்குலயே சேக்கலையே நாம” என்றாள்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டால் நேராக வீடு. கொட்டகையில் மிஷின்கள் இரைந்துகொண்டே இருக்கும். பெரிய சத்தமில்லை, ஆனால் ஒரு நிமிடம் ஓய்ந்தால்தான் அது இவ்வளவு நேரம் இருந்தது தெரியும். ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டுச் சுவர். மாலை நேரத்தில் என் கால்கள் தாமாகவே துடிக்கும். உட்கார்ந்தபடி பாதத்தைத் தரையில் அழுத்திக்கொள்வேன். “ஏங் கண்ணு, காலு வலிக்குதா?” என்பார் அம்மா. இல்லை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதி வருவாள். சாக்குக்கு ஒரு கணக்குப் புத்தகம் கையில் இருக்கும். பேச்சு முழுக்க அணியைப் பற்றித்தான். என் இடத்தில் யார்? என் உடுப்பு நெட்டைப் பெண்ணிடம் போயிருந்தது. அவளுக்கு அது குட்டை. அவளைத் தொடக்கத்திலேயே இறக்குவதா, பாதியில் இறக்குவதா? தொடக்கத்திலேயே இறக்கு, பயம் தெளியும் என்பேன். பாதிக்குள் ஐந்து ஃபவுல் வாங்கிவிடுவாள் என்பாள் அவள். குள்ளச்சி பந்தை நெட்டையிடம் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள், கொடுத்தால் திரும்பி வராதாம். தரையில் சீப்பு, பவுடர் டப்பா, நூல் கண்டு எல்லாம் ஆட்களாக நிற்கும். நான் பிசிறு வெட்டிக்கொண்டே நூல் கண்டை நகர்த்துவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆறு நாள் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் பேச்சில் காது வைக்காதவர் மாதிரி இருந்த அம்மா, திடீரென்று சொன்னார்: “அந்த நெட்டைப் புள்ளையை மொதல்லயே உட்ராதீங்க, சாமி. பயந்த புள்ள, கையை ஆட்டிப்போடும். எதிராளுக சலிச்சதுக்குப் பொறகு உடுங்க.”

சிநேகிதி வாயைப் பிளந்தாள். அம்மா அதுவரை ஒரு பந்தாட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

மார்கழியில் ஆட்டம் திருப்பூரிலேயே நடந்தது. அம்மா அப்பாவிடம், “பொம்பளைப் புள்ளைக ஆடறதை நானும் ஒருக்காப் பாத்துட்டு வர்றேனுங்க. துணைக்கு இவளைக் கூட்டிட்டுப் போறேனுங்க” என்றார். “சேலை கட்டிட்டுப் போகச் சொல்லு” என்றார் அப்பா.

அத்தை கொடுத்த கனத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்தேன். மைதானத்தின் எதிர்ப்புறம் ஆண்கள் கூட்டம். அதில் அத்தை மகன் நின்றிருந்தார். அவர் வருவார் என்று எங்களுக்குத் தெரியாது.

சிநேகிதி அம்மா சொன்னபடியே செய்தாள். நெட்டைப் பெண்ணைப் பாதிக்கு மேல்தான் இறக்கினாள். அந்தப் பெண் முதல் பந்தை நழுவவிட்டாள், இரண்டாவதைப் பிடித்தாள். அம்மா என் தொடையில் தட்டினார். குள்ளச்சி அன்று ஆடின ஆட்டத்தை நான் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை. மூன்று பேருக்கு நடுவே குனிந்து புகுந்து, நிமிர்ந்து, பந்தைப் போட்டுவிட்டு, போட்டது விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி ஓடிவந்தாள். நாங்கள் முன்னால் இருந்தோம்.

பிறகு ஃபவுல்கள் தொடங்கின. ஒருத்தி போனாள். இன்னொருத்தி போனாள். நெட்டைப் பெண்ணும் ஐந்து வாங்கி அழுதுகொண்டே வெளியே வந்தாள். களத்தில் நான்கு பேர். வெளியே மாற்று ஆள் இல்லை. சிநேகிதி டைம் அவுட் கேட்டுவிட்டு, ஆசிரியையிடம் ஏதோ பேசினாள். பிறகு நேராக எங்கள் பெஞ்சுக்கு ஓடிவந்தாள். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சர் லிஸ்ட்டுல உன்ற பேரை அடிக்கவே இல்லியாம். எட்டாவதாக் குடுத்து வெச்சிருக்காங்க. நெட்டச்சி டிரெஸ்ஸைக் கழட்டித் தருவா. அந்த ரூம்ல மாத்திக்கலாம். வா, புள்ள.”

நான் எழுந்ததாகத்தான் ஞாபகம். எழவில்லை. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை; எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா.”

“உக்காரு.”

“அம்மா, நாலே பேரு நிக்கறாங்க.”

“பாத்துட்டுத்தான் இருக்கறேன். உக்காரு கண்ணு.”

சிநேகிதி என்னையும் அந்தக் கையையும் பார்த்தாள். விசில் ஊதினார்கள். திரும்பி ஓடினாள்.

நான்கு பேரும் விடவில்லை. ரிங்குக்குக் கீழே உயரமான ஆள் ஒருத்தி நின்றிருந்தால் போதும்; எதிராளிகள் பந்து மேல் பந்தாக அங்கிருந்துதான் போட்டார்கள். எங்கே நின்றால் தடுக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது. சேலைக்குள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பிடி கடைசி வரை தளரவில்லை. வளையல் பதிந்து வலித்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

அடுத்த ஞாயிறு சிநேகிதி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கணக்குப் புத்தகம் கொண்டுவரவில்லை. கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து பிசிறு வெட்டினாள். அப்புறம் கேட்டாள், “அம்மா கையை உட்டிருந்தா வந்திருப்பியா?”

“வந்திருப்பேன்.”

அடுப்பங்கரையிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்றார். “வந்திருந்தா அன்னிக்கே இந்தச் சம்மந்தம் நின்னிருக்கும்.”

“நின்னா நிக்கட்டுமே அம்மா” என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

அம்மா கோபப்படவில்லை. “நின்னா, உங்கப்பன் அடுத்த மாசமே வேற ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்துவாரு. யாரு எவருன்னு தெரியாது. வந்த ஆளுகள்ல இவன் தேவலைன்னுதான் நான் வாயை மூடிட்டு இருக்கறேன். மேட்ச்சுப் பாக்க வந்து நின்னான்ல, அவனா வந்தான். உங்கப்பன் வந்தாரா?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா எத்தனை நாளாக இதை யோசித்திருப்பார், வந்து போனவர்களில் யாரையெல்லாம் கழித்துக்கட்டியிருப்பார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மாவோடு சண்டை போட முடியாமல் போய்விட்டது. அதுவரை அந்தக் கோபம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

தையில் குள்ளச்சிக்குக் கல்யாணம் நடக்கவில்லை. தாய்மாமன் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார். அவள் இன்னும் ஒரு வருஷம் ஆடினாள். பிறகு கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்து அங்கேயும் ஆடினாள் என்று கேள்வி. என் சிநேகிதியை அடுத்த ஆவணியிலேயே சாமளாபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால், வைகாசியில் நடந்த என் கல்யாணத்துக்கு அணி முழுவதும் வந்தது. ஆசிரியையும் வந்து கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் மணவறையில் மாலையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் பந்தி தெரிந்தது. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பரிமாறினார். திடீரென்று சிநேகிதி இலையிலேயே கையால் கோடு போட்டு ஏதோ காட்டினாள். குள்ளச்சி இல்லை இல்லை என்று தலையாட்டினாள். நெட்டைப் பெண் எட்டிப் பார்த்துத் தானும் ஏதோ சொன்னாள். அம்மாகூட வாளியோடு நின்றுவிட்டார்.

அடுத்த வருஷத்து அணியைத்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. யாரை எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று இங்கே கேட்கவில்லை, மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தலையை நிமிர்த்தினேன். பக்கத்தில் நின்ற அத்தை என் உச்சியில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

“குனிஞ்சுக்கோ கண்ணு” என்றார்.

குனிந்துகொண்டேன்.