யானை துதிக்கையைத் தூக்கினால் பாட்டு

பொம்மைப் படத்தில் பாட்டு இருக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குள் ஒரு வருஷம் முழுக்கச் சண்டை நடந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கூடவே கூடாது என்பான். கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எதற்குப் பாட்டு, ரோட்டில் எருமை படுத்துக்கொண்ட மாதிரி என்பான். என் தம்பிக்குப் பாட்டுதான் படம். மற்றதெல்லாம் பாட்டு வருகிறவரை பொழுதைப் போக்குவதற்கு. எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. பாட்டு வரப்போகிறது என்றால் எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற வழியில் இருந்தது எங்கள் ஊர். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பெரியப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். தெருவில் முதன்முதலாக டிவி வாங்கியவர் அவர்தான். இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. கூரைக்கு மேல் மூங்கில் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். வார நாளெல்லாம் அதில் கன்னடம் வரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து இந்தி வரும். கன்னடமாவது சந்தையில் கேட்டுப் பழகியது. இந்தி எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் தெரியாது. அதனாலென்ன, ஞாயிற்றுக்கிழமை பொம்மைப் படத்துக்குப் பாஷை எதற்கு?

ஒரு யானைக்குட்டி ஓட்டைப் படகில் ஆற்றோடு போகும். கூட ஒரு கோழி, அதற்கு எப்போதும் கோபம். படகுக்குள் வருகிற தண்ணீரை யானை துதிக்கையால் உறிஞ்சி வெளியே கொட்டும், அது கோழியின் தலையில் விழும். இவ்வளவுதான் கதை. ஆனால் படகு கரையை விட்டுக் கிளம்புகிறபோது யானை துதிக்கையைத் தூக்கி ஒரு பாட்டுப் பாடும். அந்தப் பாட்டு வந்துவிட்டால் பெரியப்பாவைப் பிடிக்க முடியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, அந்த மெட்டுக்குத் தன் சொந்தச் சரக்கை ஏற்றிப் பாடுவார்.

"களியும் கீரையும் போதுமடி, கறிக்கொழம்பு எப்ப ஆகுமடி?"

அடுப்படியில் பெரியம்மா கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அந்த வீட்டில் களிதான். களித் துடுப்பு பானையில் இடிக்கிற சத்தம் நிற்காது, பதில் மட்டும் வரும். "கறி வாங்கியாந்து குடுத்துட்டு அப்பறம் பாடுங்க." பெரியப்பா அடுத்த வரிக்குப் போய்விடுவார். எங்களுக்குப் பொம்மைப் படத்தைப் பார்ப்பதா இவர்களைப் பார்ப்பதா என்று தெரியாது.

தை மாதத்தில் ஒரு நாள் ஆலையிலிருந்து வந்த பெரியப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு வீட்டுச் சட்டங்களை அத்தை கையில் எடுத்துக்கொண்டார். அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் மூத்த அக்கா, எதிர்த் தெருவில் வீடு. சாவு விழுந்த வீட்டில் வருஷ பூசை முடிகிறவரை பாட்டு கேட்கக்கூடாது என்பது எங்கள் சனத்தில் வழக்கம். ரேடியோ பரணுக்குப் போனது. கோயிலில் பாடலாம், அது சாமிக்கு. அதே பாட்டை வீட்டுக்கு வந்து முணுமுணுத்தால் அத்தையின் கண் நம் வாய்மேல் இருக்கும்.

டிவிதான் சிக்கலாகிவிட்டது. அதையும் மூடிவைக்கச் சொன்ன அத்தையிடம், பிள்ளைகள் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பொம்மைப் படம் மட்டும் பார்க்கட்டும் என்று பெரியம்மா கேட்டார். அவர் வாய் திறந்து எதையும் கேட்காத காலம் அது. அத்தை யோசித்தார். பொம்மைக்குத் துக்கம் இல்லை, பாட்டுக்குத்தான் இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. படம் ஓடலாம், பாட்டு வந்தால் சவுண்டைக் குறைத்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை பாட்டுச் சத்தம் தெருவுக்குப் போனாலும் டிவி அன்றைக்கே இண்டூருக்குப் போய்விடும். அங்கே அத்தையின் மகள் வீடு. அந்த வீட்டுக்குப் போன எந்தப் பொருளும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

டிவியின் சவுண்டுக் குமிழுக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று பார்த்தார்கள். அண்ணன் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றான். தம்பியை நம்ப முடியாது, அவன் பாட்டுக் கட்சி. அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"நீதான் சொன்ன பேச்சு கேக்கற புள்ள. பாட்டு வாரதுக்கு முன்னாடியே கொறச்சிரணும். வந்தப்பறம் கொறச்சி என்ன பிரயோசனம்?"

வருவதற்கு முன்னாடி! அதை யார் எனக்குச் சொல்வார்கள்? தெரியாத பாஷையில் பேசுகிற யானை எப்போது பாடும் என்று பாலக்கோடு தாலுகாவில் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் தரையில் உட்கார, நான் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, வலது கையைக் குமிழ்மேல் வைத்துக்கொண்டு உட்காருவேன். படத்தைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். யானை மெலிந்து தெரியும்.

சில வாரத்தில் எனக்குக் குறிகள் பிடிபட்டுவிட்டன. கோழி சும்மா இருந்தால் ஆபத்து. நிலா தெரிந்தால் ஆபத்து. பின்னால் பிடில் மாதிரி ஒன்று இழுக்க ஆரம்பித்தால் உடனே குறைக்க வேண்டும். யானை துதிக்கையைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தச் சனியன் தும்முவதற்கும் துதிக்கையைத் தூக்கும். நான் பயந்து குறைத்துவிடுவேன். தும்மலில் கோழி பறந்து மரத்தில் மாட்டிக்கொள்வது சத்தமில்லாமல் நடக்கும், பின்னாலிருந்து என் முதுகில் தின்று போட்ட நிலக்கடலைத் தொல்லி வந்து விழும். சனிக்கிழமை ராத்திரியே எனக்குச் சோறு இறங்காமல் போக ஆரம்பித்தது. அம்மா வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியவர் பெரியம்மாதான். பாட்டு வந்ததும் நான் குமிழைத் திருகிவிடுவேன். யானையும் கோழியும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த அமைதியில் அடுப்படியில் துடுப்பு இடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது அது நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் நிற்கும். பாட்டு முடிந்து நான் சவுண்டை ஏற்றிய பிறகுதான் மறுபடி இடிக்கத் தொடங்கும். நான் சரியாகக் குறைத்தேனா, ஒரு துளியாவது கசிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையாவது எதிர்த் தெரு. இவர் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கிறாரே! நான் குமிழை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகுவேன்.

களி கிண்டுகிறவர் பாதியில் கையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் களி கட்டி கட்டியாக வந்தது. பிட்டால் நடுவில் வெள்ளை வெள்ளையாக வேகாத மாவு இருக்கும். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இத்தன வருசமா கிண்டற கை, இப்ப என்னாச்சு உனக்கு?" என்று கேட்பார். பெரியம்மா கீரையை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார். எனக்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு நின்று, அதற்காகப் பேச்சும் வாங்குகிறாரே என்று எனக்கு உறுத்தும்.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நட்சத்திரம் கட்டவில்லை. வீடு வீடாகக் கீதம் பாடி வருகிறவர்கள் எங்கள் வாசலில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, தாளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடந்து போனார்கள். வருஷ பூசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரை தாக்குப்பிடித்துவிட்டால் போதும், டிவி தப்பித்துவிடும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வருஷ பூசைக்கு யார் யாரை அழைப்பது என்று பேச அத்தை வந்திருந்தார். இண்டூரிலிருந்து அத்தையின் மகளும் வந்திருந்தாள். இருவரும் வெளிவாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் கண் அடிக்கடி டிவி பக்கம் போய் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குக் கரண்டு மிகவும் மோசம். தக்காளிக்குத் தண்ணீர் பாய்கிற காலம், சுற்றி இருந்த அத்தனை கிணற்றிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடினால் வீட்டு லைட் பழுத்துப்போகும், டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொள்ளும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பிள்ளைகள் கத்தினார்கள். நான் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்தேன். அப்போதும் எறும்பு பேசுகிற மாதிரிதான் இருந்தது.

கோழி சும்மா இருந்தது. நிலா வந்தது. யானை துதிக்கையைத் தூக்கியது. இது தும்மலா பாட்டா என்று நான் ஒரு நொடி தயங்கினேன். அந்த நொடியில்தான் கிணறுகளுக்கு மட்டும் விடுகிற மோட்டார் கரண்டை நிறுத்தினார்கள். வயல்காட்டில் எல்லா மோட்டாரும் ஒரேடியாக நின்றன. லைட் பளீரென்று எரிந்தது, படம் பெட்டி முழுக்க விரிந்தது, யானை பாட்டு வீடே அதிர வெடித்துக்கொண்டு வெளியே போனது. பெரியப்பாவின் அந்தப் படகுப் பாட்டு.

நான் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குமிழ் எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்பதே மறந்துவிட்டது. வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏ புள்ள! சாவு வூட்டுல என்ன கூத்து இது? நிறுத்து மொதல்ல!"

எப்படியோ விரல் குமிழைப் பிடித்தது. அதற்குள் பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். கையில் துடுப்பு, அதில் களி ஒட்டி ஆவி பறந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குமிழைத் திருக முடியாமல் அப்படி ஒரு பிடி. அத்தை உள்ளே வந்து நின்று மறுபடியும் நிறுத்தச் சொன்னார்.

"பாட்டு முடிஞ்சிரட்டுங்க அண்ணி," என்றார் பெரியம்மா. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அவர் அத்தையை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தை குமிழ் பக்கம் கையை நீட்டி, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். பாட்டு ஓடியது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். பெரியம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் பாவத்துக்காக மாதாவிடம் ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கை வலித்தது. அழுகை வந்தது. எப்போதடா முடியும் என்று யானையைப் பார்த்தேன். அவ்வளவு நீளமான பாட்டு அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிந்ததும் கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்றைய களியை மாடுகூட யோசித்துத்தான் தின்றிருக்கும். அத்தை முழு உருண்டையும் தின்றார், குற்றம் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது டிவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். "நீ கீழ உக்காந்து படத்தப் பாரு கண்ணு, அது கெடக்கட்டும்," என்று பெரியம்மா முக்காலியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். எனக்குப் பதில் யாரையும் உட்கார வைக்கவுமில்லை. வேலை போய்விட்டது. வருஷம் முழுக்கப் பயந்து பயந்து பார்த்த வேலை, ஒரே ஒரு தவறுக்குப் போய்விட்டது. தெருப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். யானையை முதல்முறையாக நேரே பார்த்தேன், கண்ணீரில் சரியாகத் தெரியவில்லை.

துதிக்கை உயர்ந்தது, பாட்டு வந்தது, குமிழை யாரும் தொடவில்லை. அடுப்படியில் துடுப்பும் நிற்கவில்லை, பாட்டோடு சேர்ந்து இடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் களியில் ஒரு கட்டி இல்லை. என்மேல் இருந்த கோபத்தை எல்லாம் பெரியம்மா பானையில் காட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.