கியர் தேடிய கை

என் தம்பிக்கு ரொட்டிக் கம்பெனியில் வைத்த பெயர் ‘சத்தம்’. அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. லாரியின் சத்தத்தைக் காதில் வாங்கியே கியர் மாற்றுவான். அதனால் வந்த பெயர். அதே கம்பெனியில்தான் நான் ரொட்டிக்கு உறை போடுகிறேன். அவன் வண்டி மேட்டில் ஏறும்போது கேட்டிருக்கிறேன். தூங்குகிற பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல அவ்வளவு பதமாக மாற்றுவான்.

சர்க்கரை நோய் வந்தது. இடது பாதத்தில் சின்னப் புண். செருப்புக் கடி என்று அசட்டையாக இருந்துவிட்டோம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. உயிரையாவது ஆண்டவன் விட்டு வைத்தானே என்று நான் அழுதேன்.

“உயிர் இருக்குக்கா. கிளட்ச் மிதிக்கத்தான் ஆள் இல்ல” என்றான்.

பிறகு செயற்கைக் கால் வந்தது. அதற்கு அவனே ‘மாட்டுக்கால்’ என்று பெயர் வைத்தான். “காலையில மாட்டுறோம், ராத்திரி கழட்டுறோம். அப்ப மாட்டுக்கால்தானே?” நடக்க அது போதும். கிளட்சை எவ்வளவு மிதித்தோம், எவ்வளவு விட்டோம் என்று அதற்குத் தெரியாது. வேலை போயிற்று. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

“மூணுல வர்றான் பாரு, மடையன். ரெண்டு போடுடா!”

“தெருவுல போறவன் கியரு உங்களுக்கு எதுக்கு? இந்த வெங்காயத்த உரிங்க” என்பாள் அவன் பெண்சாதி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அடுப்படிக்கு வந்து என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வெங்காயம் அங்கே இருக்காது.

இப்படி இருக்கும்போது கம்பெனி மேலாளர் போன் செய்தார். புது லாரி வந்திருக்கிறதாம். கிளட்சே கிடையாது, கியரை வண்டியே போட்டுக்கொள்ளும், மிதிகள் இரண்டுதான், இரண்டுக்கும் வலது கால் போதும். “உன் லைசென்ஸுக்கும் இந்த வண்டின்னா அனுமதி உண்டுன்னு கேட்டுட்டேன். வந்து ஓட்டிக் காட்டு. சரியா வந்தா உன் பழைய ரூட் உனக்கு. இல்லன்னா வேற ஆளப் போடணும், தப்பா நினைக்காத.”

போனை வைத்துவிட்டுத் தம்பி முகத்தைச் சுளித்தான். “கியர் போடாதவன் டிரைவரா? பயணி.”

“பயணியாவாவது போய் உக்காருங்க” என்றாள் அவள்.

ஊன்றுகோலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றினான். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மேலாளர் ஜன்னலோரம், நான் நடுவில். எனக்கும் தம்பிக்கும் இடையே, முன்னே போக, பின்னே போக என்று மட்டும் தள்ளுகிற குட்டையான கியர் கம்பி.

கேட்டைத் தாண்டி மேட்டுச் சாலையில் திரும்பினோம். வண்டி நன்றாகத்தான் போனது. பாதி மேட்டில் சிவப்பு விளக்கு. நின்றோம். பச்சை வந்ததும் எடுத்தான். இன்ஜின் சத்தம் ஏறியது. சத்தம் ஏறியதுதான் தாமதம், அவனுடைய இடது கை ஸ்டீயரிங் வளையத்தை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டது. கியர் கழன்றுகொண்டது. இன்ஜின் வெறும் வாயால் அலறியது. வண்டி பின்னால் சரிந்தது. பின்னாலிருந்த வேன்காரர் ஹாரனை அமுக்கினார். தம்பி பிரேக்கில் ஏறி நின்றான்.

“எதுக்குய்யா கையை வெச்ச?” மேலாளருக்கு வேர்த்துவிட்டது.

“நான் வைக்கலீங்க. அதுவா போச்சு.”

“அதுவா போற கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஓரமா நிறுத்து. இது சரிப்படாது.”

தம்பி நிறுத்தினான். அந்தக் கையை மடியில் போட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கடவுளே, இன்னும் ஒரு தடவை என்று மனசுக்குள் கேட்டேன். கேட்டதும் வாய் தானாகப் பேசிவிட்டது.

“சார், கம்பி மேல நான் கைய வெச்சுக்கறேன். அவன் கை வந்தா என் கைமேல விழட்டும். இன்னும் ஒரே தடவை.”

“டிரைவரு, கண்டக்டரு, இப்போ கியருக்கு ஒரு அக்காவா?” என்றவர் மூச்சை விட்டார். “சரி, கீழேருந்து வா. ஒரே தடவைதான்.”

மேட்டடிக்குத் திரும்பி வந்ததும் கம்பியின் குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. சத்தம் ஏறியது. தம்பியின் கை வந்து என் கைமேல் விழுந்து அழுத்தியது. அதே கணத்தில் வண்டி லேசாகத் தலையாட்டித் தானே மாற்றிக்கொண்டது. சிறிது தூரம் போனதும் மறுபடி கை வந்தது. மறுபடி வண்டி மாற்றியது. மேலே அவன் கை, கீழே அந்த இரும்பு. இரண்டும் பேசி வைத்ததுபோல ஒரே நேரத்தில். அவனுடைய இடது தொடையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது இறுகித் தளர்ந்தது. இல்லாத பாதம் இல்லாத கிளட்சை மிதித்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் முழிப்பேன். என் தம்பி ஆயுசெல்லாம் காதாலும் காலாலும் படித்ததை, முகம் தெரியாத யாரோ இரும்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தவன்தானே, வெட்டியெறிந்த காலின் ஞாபகத்தையும் இவன் சதைக்குள் விட்டு வைத்திருக்கிறான்! சின்ன இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தேன். ஏதோ பெரிய காரியத்தைத் தொட்டுவிட்ட மாதிரி இருந்தது.

விளக்கருகே மறுபடி சிவப்பு. பச்சை வந்தது. சத்தம் ஏறியது. கை வளையத்தை விட்டுக் கிளம்பியது. பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. வண்டி தலையாட்டியது. கை திரும்பிப் போய் வளையத்தைப் பிடித்துக்கொண்டது.

தம்பி சிரித்தான். “எனக்கு ஒரு மூச்சு முந்தியே போட்டுடுச்சுக்கா.”

“பொறாமையாடா?”

“இல்லக்கா. இந்த ரோட்டுல இந்தப் பக்கம் இவ்ளோ மரம் இருக்கறதே இப்பத்தான் தெரியுது.”

கம்பெனிக்குத் திரும்பி, ரொட்டி ஏற்றும் மேடையோரம் தம்பி வண்டியைப் பின்னால் எடுத்து ஒட்டவைத்த பிறகுதான் மேலாளர் வாயைத் திறந்தார்.

“ரூட் உனக்குத்தான்.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் சார்?”

“நாளைக்கா? மத்தியான லோடு யாரு, உங்க மாமனாரா எடுப்பாரு?”

ரொட்டித் தட்டுகள் ஏறின. என்னை இறங்கச் சொன்னான் தம்பி. இறங்கி, ஊன்றுகோலை அவன் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். வண்டி கேட்டில் திரும்பியபோது அவனுடைய இரண்டு கைகளும் வளையத்தில் இருந்தன. நான் நின்ற இடத்திலேயே கும்பிட்டேன். வண்டியையா, தம்பியையா, மேலே இருப்பவனையா என்று கேட்டால், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.